உத்திரமேரூர் போய்வந்த ஓட்டு

சுகாசினிக்கு வாயில் எதுவும் தங்காது. ஐயம்பேட்டைக்கும் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவள் அவள். அந்த வண்டியில் ஏறுகிற யாரும் நத்தப்பேட்டை தாண்டுவதற்குள், அவள் வீட்டில் இன்று என்ன குழம்பு, மாமியார் கங்கையம்மாளோடு காலையில் எதற்குச் சண்டை, மகள் சிம்ரன் ஆன்லைன் வகுப்பில் எப்படித் தூங்கி வழிந்தாள் என்பதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். அதற்குத் தனியாகக் கட்டணம் இல்லை.

ஆட்டோ அவள் புருஷன் விக்ரம் பெயரில் வாங்கியது. ஒரகடத்தில் கம்பெனி வேலை கிடைத்ததும் அவன் அதைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டான். விற்கப் பேச்சு வந்தபோதுதான் சுகாசினி, "நான் ஓட்டிப் பாக்கறேன்" என்றாள். ஊர் சிரித்தது. அப்பா தேவசகாயம் ஒரு மாதம் பேசவில்லை. பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு நிறுத்தியதும், இருபது வயதில் கல்யாணம் முடித்ததும் அவளைக் கேட்டுச் செய்த காரியங்கள் அல்ல. ஆட்டோ மட்டும்தான் அவளாக எடுத்த முடிவு. மூன்று வருஷமாக ஓட்டுகிறாள், இன்றுவரை ஒரு கீறல் கிடையாது.

2021இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அவர்கள் ஊரான சிறுவேலந்தாங்கலில், காலனி இருக்கும் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. விக்ரமும் அப்பாவும் தெருப் பெரியவர்களும் கூடிப் பேசி, "ஊருக்கெல்லாம் தெரிஞ்ச மூஞ்சி" என்று சுகாசினியை நிற்க வைத்தார்கள். பத்தொன்பது ஓட்டில் ஜெயித்தாள்.

ஜெயித்த அன்றே ஒரு விஷயத்தை ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். வார்டு உறுப்பினர்கள் ஆறு பேர், ஊராட்சித் தலைவி ஒருத்தி, ஆக ஏழு ஓட்டில் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். துணைத் தலைவர் கையெழுத்து விழாமல் ஊரில் ஒரு குழாய்கூட நகராது என்பதால் அந்தப் பதவிக்குத்தான் போட்டி அதிகம். நின்றவர்கள் இரண்டு பேர், இருவரும் வார்டு உறுப்பினர்கள். ஒருவர் தணிகாசலம், நிலம் நீச்சு உள்ளவர், சின்னச் சின்ன காண்டிராக்ட் எடுப்பவர். இன்னொருவர் மாணிக்கவேல், எதைக் கேட்டாலும் "ஆவன செய்வோம்" என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்.

"என் ஓட்டு தணிகாசலம் அண்ணனுக்குத்தான்" என்று சுகாசினி டிரிப்புக்கு டிரிப் அறிவித்தாள். காரணமும் சொன்னாள். இரண்டு கோடைக்கு முன்னால் காலனிப் பெண்கள் மெயின் ரோட்டைக் கடந்து தண்ணீர் தூக்கியபோது, தன் நிலத்து வரப்பு வழியாகவே குழாய் போட்டு மேல்தெரு வரை தண்ணீர் கொண்டுவந்தவர் தணிகாசலம். கீழ்த்தெரு நாற்பது வீட்டுக்கு இன்னும் வரவில்லை. அவர் வந்தால் அதுவும் வந்துவிடும். அவள் கணக்கு அவ்வளவுதான்.

தணிகாசலமே வீட்டுக்கு வந்து கேட்டார்.

"எனக்குத்தானேமா?"

"இதுல கேக்கறதுக்கு இன்னாணா இருக்குது? ஊருக்கே சொல்லிட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இந்த மனிதர் வெண்ணெயையே சந்தேகப்பட்டவர்.

அக்டோபர் இருபதாம் தேதி உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். இரண்டு நாள் கழித்து துணைத் தலைவர் தேர்தல். பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டு சுகாசினி வெளியே வந்தால், ஊராட்சி அலுவலக வாசலில் வெள்ளை வேன் நிற்கிறது. உள்ளே இரண்டு உறுப்பினர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எப்போதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரதராஜன், இன்னொருத்தி வீட்டில் இரண்டு தறி வைத்திருக்கும் லோகாம்பாள்.

"ஏறுமா, ஒரு டூர் போய்ட்டு வரலாம்" என்றார் தணிகாசலம்.

"டூரா? எனக்கு மத்தியான டிரிப்பு இருக்குதுணா."

"அதெல்லாம் உன் வூட்டுக்காரருகிட்ட பேசியாச்சு."

அப்போதுதான் விக்ரமைப் பார்த்தாள். வேனுக்குப் பின்னால் நின்றிருந்தான். கையில் அவளுடைய பை. இரண்டு புடவை, துண்டு, பல் விளக்கும் பிரஷ் எல்லாம் எடுத்து வைத்திருந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் பையை நீட்டினான்.

"ரெண்டு நாளுதான். பெரிய மனுசன் கேக்கறாரு, இல்லேன்னு சொல்ல முடியல" என்றான்.

இந்த வழக்கம் ஊருக்குப் புதிதல்ல. ஓட்டுப் போடும் உறுப்பினரை எதிராளி இழுத்துவிடாமல், தேர்தல் வரைக்கும் எங்கேயாவது கொண்டுபோய் வைத்திருப்பார்கள். வேளாவேளைக்குச் சோறு போட்டு, போனை வாங்கி வைத்துக்கொண்டு அதற்குச் சுற்றுலா என்று பெயரும் வைப்பார்கள். ஏழில் நாலு ஓட்டு வேண்டும். தன்னுடையது போக மூன்றையும் தணிகாசலம் வேனில் ஏற்றிவிட்டார். ஒன்று நழுவினாலும் காரியம் கெட்டுவிடும்.

கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை ஒன்றில் மூன்று போனும் விழுந்தன. வேன் காஞ்சிபுரம் பக்கம் போகாமல் வாலாஜாபாத் வழியாகத் திருமுக்கூடல் பாலம் ஏறியது. தினமும் ஏழு பேரைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டியவள் இப்போது பின்னால் உட்கார்ந்திருந்தாள். டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் கியரை நெரித்தபோது அவளுக்குப் பல் கூசியது. ஜன்னலைத் திறந்தாள். "ஏசி போட்டுக்கீதுமா, மூடு" என்று முன் சீட்டிலிருந்து குரல் வந்தது.

உத்திரமேரூருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பு வீடு. பெண்களுக்கு ஒரு அறை, வரதராஜனுக்கு ஒரு அறை. பிரியாணி வந்தது, மீன் வறுவல் வந்தது. சாப்பிட்டு முடித்து அறைக்குப் போனதும் கதவை வெளியே தாழ் போடும் சத்தம் கேட்டது. சுகாசினி கதவைத் தட்டினாள்.

"இன்னாணா, வெளிய தாப்பா போட்டுக்கிறீங்க?"

"தோப்புமா. பாம்பு வரும், அதான்" என்றார் தணிகாசலம்.

"பாம்பு தாப்பாவைத் தொறந்துக்கினா வரும்?"

செருப்புச் சத்தம் விலகிப் போனது. லோகாம்பாள் கட்டிலில் காலை நீட்டி, "தறிக் குழியிலர்ந்து ரெண்டு நாளு லீவுன்னு நெனச்சிக்கோ. எனக்குச் சந்தோசமாத்தான் இருக்குது" என்றாள். அவளுக்கு அது நியாயம். சுகாசினிதான் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்கு வந்த கோபம் லேசானதல்ல. அடைத்து வைத்ததுகூடப் பெரிதில்லை, தான் சொன்ன சொல்லை அந்த மனிதர் நம்பவில்லை என்பதுதான். யாரும் கேட்பதற்கு முன்பே, யாரும் காசு கொடுக்காமல், தானாகத் தருகிறேன் என்ற ஒன்றை அவர் திருட்டுப் பொருள் மாதிரிப் பூட்டி வைத்துவிட்டார். இனி அவருக்குப் போட்டால், பூட்டி வைத்ததால் போட்டாள் என்று ஆகும். கோபத்தில் மாணிக்கவேலுக்குப் போட்டால், கீழ்த்தெருவுக்குக் குழாய் வராது. அதுவும் அவள் விருப்பம் ஆகாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளுடைய ஓட்டு அவள் கைக்கு வரவில்லை. ஆட்டோ சந்துக்குள் மாட்டினால் ரிவர்ஸாவது எடுக்கலாம். இதில் அதற்கும் வழி இல்லை.

மறுநாள் காலையில் லோகாம்பாளே சலித்துவிட்டாள். "டூருன்னு இட்டாந்தீங்க, செவுத்தையே பாத்துக்கினு இருக்கறோம்" என்றாள். தணிகாசலத்துக்கு ரோஷம் வந்தது. வேனில் ஏற்றி, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் கல்வெட்டுக் கோயிலுக்குக் கொண்டுபோனார்.

"ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே இங்க எலக்சன் நடந்துக்கீது. உலகமே வந்து பாக்குது. நம்ம பக்கத்துலயே இருந்துக்கினு நாம பாக்காம இருக்கலாமா?" என்றார். வேன் டிரைவரை வாசலில் நிறுத்தினார், ஜனநாயகம் தப்பி ஓடிவிடாமல் இருக்க.

சுவர் முழுக்க எழுத்து. ஏனாத்தூர்ப் பக்கமிருந்து வந்த கல்லூரிப் பெண்கள் முப்பது பேர் மாஸ்க் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தேவிப்ரியா என்ற அவர்களுடைய விரிவுரையாளர் சுவரைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். சோழர் காலத்தில் குடும்பு என்று ஊரைப் பிரித்து, தகுதி உள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்களாம். தகுதி என்னென்ன என்று அவள் சொல்லச் சொல்ல சுகாசினி பக்கத்தில் போய் நின்றாள். சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது முப்பத்தைந்து ஆகியிருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். சுகாசினிக்கு முப்பத்தொன்று. வீடு புறம்போக்கில். நிலம் என்றால் அவள் அப்பா அடுத்தவருக்கு உழுத நிலம்தான்.

"பொம்பளைங்க?" என்று கேட்டாள்.

தேவிப்ரியா திரும்பிப் பார்த்தாள். "பொம்பளைங்கள பத்தி இதுல பேச்சே இல்லீங்க."

"சரி. அந்தச் சபைக்கு வர்றவங்கள, முந்தின நாளு எங்கியாச்சும் கொண்டும்போய் வெச்சிப் பூட்டுவாங்களா மேடம்?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். தேவிப்ரியாவும் சிரித்தாள். "அப்படி ஒண்ணும் எழுதல. சின்னவங்க பெரியவங்க எல்லாரும் கூடினப்புறம், எல்லாரும் பாக்க குடத்தை வெப்பாங்க."

"அப்ப மூடி குடத்துக்குத்தான். ஆளுங்களுக்கு இல்ல."

தணிகாசலம் அவளை ஒரு தூண் பக்கம் கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது.

"இன்னாமா, மானத்த வாங்கற?"

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். என்னை இங்கியே பஸ் ஏத்தி வுடுங்க. வூட்டுக்குப் போறேன். நாளைக்கு நானே ஆட்டோல வந்து உங்களுக்குப் போடறேன். எம் பொண்ணு மேல சத்தியமா."

அவர் கெட்டவர் இல்லை. குழாய் போட்டவர்தான்.

"உன்னை நம்பறேன்மா. உங்க ஆளுங்கள நம்ப முடியாது. மாணிக்கவேலு வந்து உன் வூட்டுக்காரன் தோள்ல கைய போட்டான்னு வெச்சிக்கோ, அவன் சரின்னுடுவான். அவன் சரின்னா உன்னால இன்னா பண்ண முடியும்?"

பையை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தவன் விக்ரம்தானே. தணிகாசலத்திடம் சரி என்றவன் மாணிக்கவேலிடமும் சரி என்பான். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவள் சுவரைப் பார்த்தாள்.

வேனுக்குத் திரும்பும்போது லோகாம்பாள் கிசுகிசுத்தாள். "இன்னாடி ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. அந்தக் காலத்துல நம்மள உள்ளியே வுடல. இப்ப வெளிய வுடமாட்டேங்கிறாங்க."

மாலையில் தோப்பு வீட்டில் பாடம் நடந்தது. தணிகாசலம் ஒரு நோட்டுத் தாளில் தன் பெயரை எழுதி, எதிரே கட்டம் போட்டார். ஓட்டுச்சீட்டில் அவரவர் விருப்பப்படி பெருக்கல் குறி போட வேண்டும். யார் போட்டார்கள் என்று தெரியக் கூடாது என்பது சட்டம். தெரிய வேண்டும் என்பது தணிகாசலத்தின் ஏற்பாடு.

"கட்டத்துக்கு நாலு மூலை. வரதராசு, நீ மேல இடது மூலை. லோகாம்பா, மேல வலது. சுகாசினி, கீழ இடது. கீழ வலது என்னுது. சின்னதா மூலையில போடணும். எண்ணறப்ப நான் பாத்துக்கினே இருப்பேன்."

லோகாம்பாள் அதை எளிதில் பிடித்துக்கொண்டாள். புடவையில் எந்த மூலையில் எந்தப் பூ விழ வேண்டும் என்று தெரிந்த கைக்கு இது எம்மாத்திரம். வரதராஜன் மூன்று முறை தப்பாகப் போட்டு நாலாவது முறை தேறினார். சுகாசினி ஒரே முறை போட்டாள், கீழ் இடது மூலையில், கச்சிதமாக.

"கெட்டிக்காரி" என்றார் தணிகாசலம்.

இருபத்திரண்டாம் தேதி பிற்பகல் வேன் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தது. எதிர்ப்பக்கத்தில் மாணிக்கவேல், இன்னொரு உறுப்பினரான அவருடைய மைத்துனர், ஊராட்சித் தலைவி ரேணுகாம்பாள் மூவரும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். ரேணுகாம்பாள் அதிகம் பேசாத பெண்மணி. தணிகாசலம் அவளுக்கும் சொந்தக்காரர்கள் மூலம் தூது விட்டிருந்தார். அவள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

தேர்தல் நடத்த வந்த அதிகாரி ஒவ்வொருவராக அழைத்தார். சுகாசினி ஐந்தாவது. மறைப்புக்குப் பின்னால் ஒரு மேசை, நூல் கட்டிய ஒரு பேனா. இரண்டு நாளில் முதல் முறையாக அவளைச் சுற்றி யாரும் இல்லை. அட்டை மறைப்புதான், தள்ளினால் விழுந்துவிடும். ஆனாலும் அதற்குள் தணிகாசலம் வர முடியாது, மாணிக்கவேல் வர முடியாது, விக்ரம் வர முடியாது.

மாணிக்கவேல் பெயரைப் பார்த்தாள். ஆவன செய்வோம். அது வேண்டாம். தணிகாசலம் பெயரைப் பார்த்தாள். பூட்டி வைத்த கையும் அதுதான், குழாய் போட்ட கையும் அதுதான். கீழ்த்தெரு நாற்பது வீட்டை நினைத்தாள். நேற்றுக்கு முந்தின நாள்வரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த சொல்லை அவள் ஏன் மாற்ற வேண்டும்? அவளாகச் சொன்ன சொல் அது. அவர் பூட்டினார் என்பதற்காக அது அவருடைய சொல்லாகிவிடாது.

பேனாவை எடுத்து, தணிகாசலத்தின் கட்டத்துக்கு நட்டநடுவில், கோடுகள் விளிம்பைத் தொடும்படி பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள். மடித்துக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டாள்.

எண்ணிக்கை ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. தணிகாசலம் நான்கு, மாணிக்கவேல் மூன்று. வெளியே வெடிச் சத்தம் கேட்டது. தணிகாசலம் சிரிக்கவில்லை. அதிகாரி காட்டிய சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மேல் இடது இருக்கிறது, மேல் வலது இருக்கிறது, கீழ் வலது அவருடையது. கீழ் இடதைக் காணோம். அதற்குப் பதிலாக நடுவில் ஒன்று, பெரிதாக.

அவருடைய புத்தி வேகமாக வேலை செய்தது. அதிபுத்தி என்றும் சொல்லலாம். சுகாசினி துரோகம் செய்துவிட்டாள். ஆனாலும் நாலு வந்திருக்கிறது. அப்படியென்றால் எதிர்ப்பக்கத்தில் ஒரு புண்ணியவான் தனக்குப் போட்டிருக்க வேண்டும். மூலைக் கணக்குத் தெரியாதவர், அதனால் நடுவில் போட்டிருக்கிறார். யார்? தூதுக்கு இல்லை என்று சொல்லாதவள்தான்.

தன் தோளில் விழுந்த முதல் சால்வையை எடுத்துக்கொண்டு நேராக ரேணுகாம்பாளிடம் போனார். "நன்றிமா. இந்த ஜென்மத்துக்கு மறக்கமாட்டேன்" என்று அவளுக்குப் போர்த்தினார். ரேணுகாம்பாள் ஒரு நொடி விழித்தாள். ஒரே நொடிதான். பிறகு சால்வையைத் தோளில் சரிசெய்துகொண்டு, "அதுக்கென்ன, நல்லா பண்ணுங்க" என்றாள். மாணிக்கவேல் அவளை முறைத்த முறைப்பில் சால்வையே தீப்பிடித்திருக்கும்.

சுகாசினி தணிகாசலத்தின் எதிரே போய் நின்றாள்.

"அண்ணா, நடுவுல இருக்குதே, அது நான் போட்டது. உங்களுக்குத்தான் போட்டேன்."

"பரவால்லமா. நல்லா இரு."

"நெசமாணா."

"மாட்டிக்கினப்புறம் எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. எதிர்பார்த்ததுதான் நடந்தது என்கிற அலுப்புதான் இருந்தது.

"ரெண்டு நாளு பூட்டி வெச்சீங்களே. தொறந்து வுட்டிருந்தா, நானாத்தான் போட்டேன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்ணா."

அவர் மாலையோடு நடந்துவிட்டார். டிரைவர் அவளுடைய பையை மண்ணில் இறக்கி வைத்துவிட்டு வேனை எடுத்தான். அந்த நேரம் பார்த்து மாணிக்கவேல் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில், "அடைச்சி வெச்சும் எனக்குப் போட்டியேமா. நீதான்மா மனுசி" என்றார்.

"உங்களுக்குப் போடலீங்க."

"புரியுது, புரியுது. வெளிய அப்டித்தான் சொல்லணும்" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. கீழ்த்தெருப் பெண்கள் வாசலில் நின்றார்கள். கங்கையம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு, தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவருக்குத்தான் போட்ட. அவரு சொன்ன மூலையிலியே போட்டிருந்தா இன்னாடி கொறஞ்சிபூடும்?"

"அப்டிப் போட்டா அது அவரு போட்ட ஓட்டு அத்தை. எனக்கு ஒண்ணுதான் கீது. அதை நான் போடணும்."

கங்கையம்மாள் அதற்குமேல் கேட்கவில்லை. நம்பினாளா என்றும் சொல்லவில்லை. பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கலைந்தார்கள். அடுத்த மாதம் குழாய் வந்தது, ரேணுகாம்பாள் வீட்டுத் தெருவுக்கு. கீழ்த்தெரு பற்றி யாராவது கேட்டால் தணிகாசலம், "உங்க மெம்பரம்மாவைக் கேளுங்க" என்றார். சுகாசினி ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து கேட்டாள், ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் சிரித்தார். ஆட்டோவில் அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். இறங்கிப் போகும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கங்கையம்மாள் மெயின் ரோட்டுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். சுகாசினி சிம்ரனுக்குத் தலை வாருவதற்குச் சீப்பை எடுத்தாள். விக்ரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் தரையைக் கீறிக்கொண்டிருந்தான்.

"இப்ப நம்ம வூட்டு ஆளுங்கதான் இருக்கறோம். வெளிய சொல்லமாட்டேன். நெசமா யாருக்குப் போட்ட?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பதினொரு வருஷமாக இவனுக்குத் தெரியாமல் அவள் ஒரு ரூபாய்க்கு மிட்டாய்கூட வாங்கியதில்லை. வாய் திறந்தாள், மூடினாள்.

"அது ரகசிய ஓட்டுபா. கேக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு, மகளின் தலையில் வகிடு எடுக்க ஆரம்பித்தாள்.